உள்ளத்து நோய்க்கு உழைச்செல்வார் யார்?

திருவள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன் ஒரு கூறு. நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒரு கூறு. மருந்து மூன்றாவது கூறு. நான்காவதாக அவர் வைப்பது 'உழைச்செல்வான்'. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து, காலந்தவறாது மருந்தைக் கொடுத்து, அவன் எழுந்து நடக்கும் வரை உடனிருப்பவனே உழைச்செல்வான். வகுப்பறையில் இக்குறளை நடத்தும்போதெல்லாம் முதல் மூன்று கூறுகளையும் மாணவர் தயங்காது சொல்லிவிடுவர், நான்காவதில்தான் தடுமாறுவர். உள்ளத்தைப் பற்றிய நோய்களைப் பொறுத்தவரை, நம் முஸ்லிம் சமுதாயமும் அந்த நான்காவது கூற்றிலேதான் தடுமாறி நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வழி யான் சொல்ல விழைவது.

உடல் நோய் என்று வரும்போது நம்மைப் போல் உழைச்செல்லும் சமுதாயம் அரிது. நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதும், ஜனாஸாவைப் பின்தொடர்வதும் ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துச் சென்றார்கள். மஹல்லாவில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால் அஸர் தொழுகை முடிந்ததும் அவர் வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்துவிடும். ஒருவர் கையில் ஆரஞ்சுப் பழம், இன்னொருவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், மற்றொருவர் சட்டைப் பையில் மருத்துவச் செலவுக்கென மடித்து வைத்த நோட்டுகள். இது நம் பெருமை, மிகையன்று. ஆயினும் அதே வீட்டில் ஒருவருக்கு மனம் நோயுற்றுவிட்டால் அந்தச் செருப்புகள் எங்கே போகின்றன?

சுவருக்கு அப்பால் ஒருவர்

இதனை நான் நூல்களில் படித்து எழுதவில்லை. என் பெரியவாப்பாவின் மூத்த மகன், எங்களுக்கெல்லாம் காக்கா. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மதரஸாவுக்குக் கொண்டுபோய் விட்டவர். அரபுத்தமிழை அச்சுக் கோத்தாற்போல் எழுதும் கை அவருடையது. 1987 ஆம் ஆண்டு சவூதிக்குப் போனவர், எட்டே மாதத்தில் திரும்பி வந்தார். வந்தவர் உறங்கவில்லை. யாரோ தம்மைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்றார். உணவில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளினார்.

கண்ணூறு என்றனர் முதலில். பின்பு செய்வினை என்றனர். அதன்பின் ஜின் என்றனர். தண்ணீர் ஓதி ஊதினார்கள், தாயத்துக் கட்டினார்கள், ஒரு நிக்காஹ் முடித்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெண் பார்க்கவும் புறப்பட்டார்கள். ஒன்றும் பயன்படாதபோது வீட்டின் பின்கட்டு அறை அவருக்கென்று ஆயிற்று. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் வந்தது.

முன்பு காக்காவுக்குக் கால் எலும்பு முறிந்தபோது ஊரே வந்து பார்த்தது. இப்போது ஒருவரும் வரவில்லை. வந்த ஓரிருவரிடமும் பெரியும்மா, "அவன் மெட்ராஸில் வேலையாய் இருக்கிறான்" என்று சொன்னார்கள். சொல்லும்போது சுவருக்கு அப்பாலிருந்து அவர் இருமுவது எனக்குக் கேட்டது. வெளியில் யாரேனும் கேட்டால் நானும் அவ்வாறே சொல்ல வேண்டும் என்று பணிக்கப்பட்டேன், சொல்லவும் செய்தேன். பெரியும்மா கல்நெஞ்சக்காரர் அல்லர். வீட்டில் மணமாகாத பெண்மக்கள் மூவர் இருந்தனர். 'அந்தக் குடும்பத்தில் பைத்தியம் இருக்கிறது' என்னும் ஒரு சொல் போதும், மூவரின் வாழ்வும் முடங்க. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே ஒரு தாய் தன் மகனை இல்லாதவனாக்கினாள். தாழ்ப்பாளைப் போட்டது அவள் கை. போட வைத்தது ஊரின் நாக்கு.

ஏழாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1995 இல் எங்கள் பள்ளிவாசலுக்குப் புதிதாக ஒரு பேஷ் இமாம் வந்தார். ஒருநாள் வீட்டிற்கு வந்து, "மூத்தவர் இங்கேதான் இருக்கிறாராமே, நான் அவருக்கு ஸலாம் சொல்லலாமா?" என்று கேட்டார். பின்கட்டுக்குச் சென்று பாயில் அவர் பக்கத்தில் அமர்ந்தார். ஓதினார். பிறகு பெரியவாப்பாவிடம், "நான் ஓதுகிறேன், டாக்டர் மருந்து கொடுக்கட்டும். ஷிபா கொடுப்பவன் ஒருவன்தானே?" என்றார். மதுரை அரசு மருத்துவமனைக்கு முதல் நாள் பேருந்தில் கூடவே வந்தவரும் அவர்தாம். மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் கூறினார். மாதங்கள் பல சென்றபின் காக்கா மீண்டும் எங்கள் கடையில் கணக்கெழுதினார். முழுமையான நலம் என்று சொல்ல இயலாது. இரவு மாத்திரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. ஆயினும் தாழ்ப்பாள் அகன்றது.

அந்த இமாம் மருத்துவர் அல்லர். மருந்தும் அவர் தரவில்லை. அவர் செய்தது நான்காவது கூறு.

ஏர்வாடி தந்த பாடம்

என் மாவட்டமான இராமநாதபுரத்தில் உள்ள ஏர்வாடியை நாடறியும். 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் விடியற்காலை, அங்கே தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். அவர்கள் எல்லாச் சமயத்தவரும். பல ஊர்களிலிருந்து உறவினர் கொண்டுவந்து விட்டுச் சென்றவர்கள். அச்செய்தி வந்த நாளில் காக்கா நாளிதழை நெடுநேரம் படித்தார். மடித்து வைத்துவிட்டு, "அந்த இமாம் வராமல் இருந்திருந்தால் நானும் இந்தக் கொட்டகையில்தான் இருந்திருப்பேன், தம்பி" என்றார்.

அத்துயரத்திற்குப் பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுதல் கூடாது என்று தடுத்துள்ளது. சட்டம் இரும்புச் சங்கிலியை அறுத்தது. வெட்கம் என்னும் சங்கிலியை அறுக்கச் சட்டத்தால் இயலுமா?

ஈண்டு ஒன்றை நடுநிலையோடு நோக்க வேண்டும். ஏழை மக்கள் தர்காக்களை நாடிச் செல்வதை 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர் உளர். அம்மக்கள் ஏன் அங்குச் செல்கின்றனர் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அங்கே கதவு திறந்திருக்கிறது, கட்டணம் இல்லை, சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டியதில்லை, உறவினரும் நோயாளியும் ஒருங்கே தங்கலாம், தம்மைப் போலவே துயருறும் பிறரைக் காணலாம். உழைச்செல்லுதல் அங்கே ஏதோ ஒரு வடிவில் கிடைக்கிறது. இல்லாதது மருந்து. குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் உனாவாவில் உள்ள மீரா தாத்தார் தர்காவில் 2008 ஆம் ஆண்டில் ஒரு நல்வழி கண்டனர். துஆவுக்கு வருவோரை முஜாவர்களே அங்குள்ள மனநல மருத்துவரிடம் அனுப்பி வைத்தனர். 'தவாவும் துஆவும்', அஃதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்பது அதன் பெயர். பின்னாளில் ஏர்வாடியிலும் அம்முறை வந்தது. இரண்டையும் எதிரிகளாக நிறுத்தாமல் அண்டை வீட்டாராக இருத்தியதே அதன் சிறப்பு.

ஈமான் குறைவா?

'உள்ளம் சோர்வது ஈமான் குறைவின் அடையாளம். ஒழுங்காகத் தொழுதால் இவையெல்லாம் வரா' என்பார் பலர். நல்லெண்ணத்தோடு கூறப்படும் இச்சொல்லே நோயாளியின் நெஞ்சில் இரண்டாம் முறை பாயும் அம்பு. மகன் யூசுப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் பார்வை இழந்ததைத் திருக்குர்ஆன் உரைக்கிறது. பேறுகால வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தாம் மரித்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கியதையும் அவ்வேதம் மறைக்கவில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்களையும் அபூதாலிபையும் இழந்த ஆண்டு, நபிகளாரின் வரலாற்றில் 'துயர ஆண்டு' என்றே பெயர் பெற்றது. இவர்களின் ஈமானை அளக்க எவருக்குத் துணிவு வரும்? அறிவு பேதலித்தவர் மீது மார்க்கக் கடமைகளும் குற்றமும் இல்லை என்பது நம் ஷரீஅத் சட்டத்தின் அடிப்படை. இறைவன் குற்றம் பிடிக்காதவரை நாம் குற்றம் பிடிக்கலாமா?

ஜின் என்னும் படைப்பை நம்புவது நம் மார்க்கத்தில் உள்ளதுதான். அதற்காகத் தோன்றும் நோய்க்கெல்லாம் ஜின்னே காரணம் என்பது மார்க்கம் ஆகாது. நீரிழிவு வந்தவரை நாம் ஓதிப் பார்ப்பவரிடம் மட்டும் விட்டுவிடுவதில்லை. எந்த நோயை இறக்கினானோ அதற்கான நிவாரணத்தையும் அல்லாஹ் இறக்கியே இருக்கிறான் என்று நபிகளார் உரைத்தபோது, உள்ளத்து நோயை அதிலிருந்து விலக்கி வைக்கவில்லையே!

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பல்க் பகுதியில் பிறந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ (850-934), உடல்நலம் உளநலம் இரண்டையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். மருத்துவர் உடலை மட்டும் பேணி உள்ளத்தை விட்டுவிடுகின்றனரே என்று வருந்தினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் வந்து கவியும் துயரம் வேறு என்று பிரித்துக் காட்டினார். டமாஸ்கஸில் 1154 இலும், கெய்ரோவில் 1284 இலும் எழுந்த பீமாரிஸ்தான் என்னும் பெருமருத்துவமனைகள் வக்ஃபு வருவாயில் நடந்தன. கெய்ரோ மருத்துவமனையில் மனநோயாளருக்குத் தனிப் பகுதி இருந்தது. துருக்கியின் எதிர்னே நகரில் 1488 இல் எழுந்த மருத்துவமனையில், ஓடும் நீரின் ஓசையையும் இசையையும் அவர்களின் மனஅமைதிக்குப் பயன்படுத்தினர். மனநோயாளரைப் பேணுதல் மேற்கிலிருந்து வந்த புதுமை என்று எண்ணுவோர் தம் பாட்டன் வீட்டையே அறியாதவர் ஆவர்.

நம் கண்முன் இருப்பவர்கள்

மனநோய் என்றதும் கிழிந்த ஆடையோடு தெருவில் திரிபவரையே நாம் நினைக்கிறோம். பெரும்பாலோர் அவ்வாறு இல்லை. நம்மிடையே நல்லாடை உடுத்தி நடமாடுகின்றனர். ஒளு செய்யும் தொட்டியருகே ஓர் இளைஞன், கை சரியாக நனையவில்லையோ என்னும் ஐயத்தால் மீண்டும் மீண்டும் கழுவிக்கொண்டே இருக்கிறான். அதற்குள் ஜமாஅத் தொழுகை முடிந்துவிடுகிறது. 'எவ்வளவு பேணுதல்!' என்று நாம் மெச்சுகிறோம். அவனோ உள்ளே அழுதுகொண்டிருக்கிறான். ஆலிம்கள் 'வஸ்வாஸ்' என்று அறிந்த அவ்வேதனைக்கு இன்று நல்ல மருத்துவம் உண்டு. பிள்ளை பெற்று நாற்பது நாள் கடந்தும் குழந்தையின் முகம் பாராது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் இளந்தாயைச் 'சோம்பேறி' என்கிறோம். அது மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். கணவர் வளைகுடாவில் இருக்க, மாமியார் வீட்டில் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று இதய மருத்துவரிடமே அலையும் பெண்கள் எத்தனை பேர்!

என் வகுப்பிலேயே அப்படி ஒரு மாணவன் இருந்தான். முதல் ஆண்டில் முன்வரிசையில் இருந்தவன் இரண்டாம் ஆண்டில் கடைசி வரிசைக்குப் போனான். பிறகு வருவதே குறைந்தது. வருகைப் பதிவேட்டை அவன் முன் நீட்டி, "இப்படியே போனால் தேர்வு எழுத முடியாது" என்று கடிந்தேன். அவன் தலைகுனிந்து நின்றான். ஒரு திங்கள் கழித்து, அவன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டான் என்னும் செய்தி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று அவன் நலமாக இருக்கிறான். ஆனால் சிறுவயதில் ஒரு பொய்யைச் சொல்லப் பழகிய நான், ஆசிரியனான பின்னும் பார்க்க வேண்டியதைப் பாராதிருந்தேன் என்னும் உறுத்தல் இன்னும் போகவில்லை. பதிவேட்டை மூடிவிட்டு, "என்னப்பா, தூங்குகிறாயா? சாப்பிடுகிறாயா?" என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். தற்கொலை ஹராம் என்பதை அவனும் அறிவான். அறிந்தும் அந்த வாசலில் போய் நிற்பவனுக்கு வேண்டியது தீர்ப்பு அன்று; துணை. 2017 ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகையோரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கொண்டு, அவர்களுக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவதை அரசின் கடமையாக்கியுள்ளது.

செய்யத்தக்கன

குறை கூறுதல் எளிது. செய்யத்தக்கன சிலவற்றைச் சமுதாயப் பெரியோர் முன் பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது, மிம்பர். ஆண்டுக்கு இரண்டு ஜும்ஆ பயான்களையேனும் உள்ளத்து நோய் பற்றி அமைக்க வேண்டும். மருத்துவர் நூறு முறை சொல்வதைவிட இமாம் ஒருமுறை சொன்னால் ஊர் கேட்கும். என் குடும்பமே அதற்குச் சான்று. நம் அரபுக் கல்லூரிகளில் ஆலிம் பட்டம் பெறுவோருக்கு, எந்த அறிகுறி கண்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைச் சில வகுப்புகளிலேனும் கற்பித்தல் நலம். ஓதிப் பார்ப்போரும், மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஜமாஅத். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆண்கள் இருவர், பெண்கள் இருவர் உழைச்செல்வாராகப் பயிற்சி பெறட்டும். அவர்கள் நோயைத் தீர்ப்பவர் அல்லர். கேட்டதை வெளியில் சொல்லாதவர், மருத்துவமனைக்கு உடன் செல்பவர், மருந்து தீர்ந்ததா என்று வினவுபவர். பெண்கள் இருவர் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்; நம் வீட்டுப் பெண்களின் துயரம் ஆண்கள் நிர்வாகக் கூட்டத்திற்கு வந்து சேர்வதில்லை. மனநல மருந்துகள் பல, பயன் தர இரண்டு மூன்று வாரங்களேனும் ஆகும். 'ஒன்றும் பயனில்லை' என்று இடையில் நிறுத்துவோரே மிகுதி. அந்த வாரங்களில்தான் உழைச்செல்வார் தேவை. ஏழை நோயாளரின் பயணத்திற்கும் மருந்திற்கும் பைத்துல்மாலில் ஒரு பங்கு ஒதுக்கலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையின் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தொழுகை நேரப் பலகையின் கீழே அந்த ஐந்து இலக்கங்களை எழுதி வைக்க எவ்வளவு சுண்ணம் செலவாகும்?

மூன்றாவது, ரமலான். மருந்துண்போர் பலர் நோன்புக் காலத்தில் எவரையும் கேளாமல் மாத்திரையை நிறுத்தி, பெருநாளுக்குள் மீண்டும் நோயுறுகின்றனர். சில மருந்துகளை உண்போர் நீரருந்தாது இருப்பின் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடித் தீங்கு நேரவும் கூடும். ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைக் கண்டு வேளையை மாற்றிக்கொள்ள இயலுமா என்று கேட்க வேண்டும். இயலாதெனில், நோயாளிக்கு இறைவன் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே என்று ஆலிம்கள் எடுத்துரைக்க வேண்டும்.

நான்காவது, கல்லூரி. ஆசிரியப் பெருமக்களே, வருகைப் பதிவேட்டில் திடீரெனப் பெருகும் வெற்றிடங்கள் ஒழுங்கீனத்தின் கணக்கு மட்டும் அன்று. மாணவச் செல்வங்களே, உங்கள் தோழன் சிரிப்பை மறந்துவிட்டான் என்றால் 'லூசு' என்னும் பட்டப்பெயர் சூட்டாதீர்கள். பக்கத்தில் அமருங்கள். நாள் தவறாமல் அமருங்கள். வேண்டும்போது பெரியவர் ஒருவரிடம் அவனை அழைத்து வாருங்கள்.

நிறைவாக

எங்கள் காக்கா 2019 ஆம் ஆண்டு வபாத்தானார். இறுதிநாள் வரை கணக்குப் பேரேட்டில் அவர் எழுத்துச் சிதையவில்லை. ஜனாஸாவுக்கு ஊரே திரண்டது. தெருவின் இருபுறமும் செருப்புகள். சந்தூக்கைத் தோள் மாற்றிச் சுமக்கப் போட்டியிட்டார்கள். நன்றியோடு நின்றேன், ஆயினும் நெஞ்சின் ஓர் ஓரத்தில் ஒரு வினா எழுந்தது. நாற்பதடி தொலைவில் இருந்த அந்தப் பின்கட்டு அறைக்கு, ஏழாண்டுகளில் இவர்களில் ஒருவரேனும் வந்திருக்கக் கூடாதா? இறந்தவரைச் சுமக்கத் தெரிந்த தோள்கள் இவை. உயிரோடு துயருறுபவருக்குச் சாய்ந்துகொள்ளவும் இவை பயன்படலாகாதா?

மருத்துவர் இருக்கிறார்; மருந்து இருக்கிறது; நோயாளியும் நம் சுவருக்கு அப்பால் இருக்கிறார். நான்காவது கூறு மட்டும் நம்மை எதிர்நோக்கி இருக்கிறது. அக்கூற்றை நிறைவு செய்யும் நெஞ்சத்தையும் துணிவையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.